குறைந்தது நான்கே சென்டிமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து பாராலிம்பிக் போனவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாரியப்பன் தங்கவேலுவை விட்டுவிட்டுத் தொடங்கினால் நீங்களே ரேடியோவை அணைத்துவிடுவீர்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கியது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம், 2016-இல் ரியோவில் தங்கம் வாங்கிய நாளிலிருந்து எல்லாரும் இதையேதான் சொல்கிறோம். உயரம் தாண்டுதலில் அவர் தாண்டியதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிசில் 1.85, வெண்கலம். "என்ன சார், இறங்கிக்கிட்டே போறாரே" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எட்டு வருஷத்தில் குறைந்தது நான்கே சென்டிமீட்டர் ஐயா! உயர்ந்தது போட்டிதான். ரியோவில் வெள்ளி வாங்க 1.86 போதும், பாரிசில் தங்கம் வாங்கிய அமெரிக்கர் எஸ்ரா ஃபிரெச் 1.94 தாண்டினார், அதுவும் செயற்கைக் காலோடு. நம்மவருக்குச் செயற்கைக் கால் கிடையாது, ஆனால் இரண்டு வகையினருக்கும் சேர்த்து ஒரே போட்டி, ஒரே பதக்கம். டோக்கியோவில் மழை வேறு, காலுறை நனைந்து தாண்டக் கஷ்டமாகிவிட்டது என்று அவரே சொன்னார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். இதையா இறக்கம் என்பது?

அப்புறம் பேட்மிண்டன். பாராலிம்பிக்கில் அது சேர்ந்ததே டோக்கியோவில்தான். அடுத்த பாரிசிலேயே, 2024 செப்டம்பரில், நம் பெண்கள் மூன்று பேர் பதக்கம் வாங்கினார்கள். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யு5 பிரிவின் அரையிறுதியில் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மனிஷா ராமதாசும் நேருக்கு நேர். யாருக்குக் கை தட்டுவது? நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதல் செட் 23-21 வரை இழுத்தது. துளசிமதி ஜெயித்தார். மறுநாள் இறுதியில் சீனாவின் யாங் சியூசியாவிடம் தோற்று அவருக்கு வெள்ளி. மனிஷா டென்மார்க்காரரைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார்.

அன்றைக்கே இன்னொரு வெண்கலமும் வந்தது. உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன். உயரம் குறைவு என்பதற்காக ஒற்றையர் ஆட்டத்தில் மைதானத்தையோ வலையையோ குறைத்துத் தருவதில்லை, முழு மைதானத்தையும் ஓடித்தான் ஆக வேண்டும். அப்படி ஓடி, வெண்கலத்துக்கான ஆட்டத்தின் இரண்டாவது செட்டை அவர் முடித்தது 21-6.