படகு இரண்டாகத் தெரிந்தபோது

வணக்கம். வடசென்னையில் மூளை நரம்பு அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எதிரே வரும் படகு அவருக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. மூன்று முறை கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை, அதனால் இடது கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஆறு மாதம் கடலுக்குப் போயிருக்கிறார். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகத் தெரிகிறதா என்று கேட்டேன். "ஆமா டாக்டர்" என்றார். அப்படியென்றால் இது கண்ணாடியில் தீருகிற விஷயம் இல்லை, கண்கள் சேர்ந்து திரும்பவில்லை. என் விரலை இடப்பக்கம் கொண்டுபோனேன், அவருடைய இடது கண் பாதியிலேயே நின்றுவிட்டது.

காரணம், மண்டையோட்டின் அடிப்பகுதியில் வளர்ந்திருந்த ஒரு கட்டி. அந்தப் பகுதி கருவில் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, அப்புறம்தான் எலும்பாகிறது. காதுப்பக்க எலும்பும் நடு எலும்பும் சேருகிற இடத்தில் குருத்தெலும்பு கொஞ்சம் மிச்சம் நிற்கும், காண்ட்ரோசார்கோமா என்ற இந்த அபூர்வக் குருத்தெலும்புப் புற்றுக்கட்டி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது நரம்பு அதை ஒட்டியே போகிறது.

பெயரைக் கேட்டதும் அவர் மனைவி அழுதுவிட்டார். ஆனால் இது பெரும்பாலும் மெதுவாக வளர்கிற கட்டி. அமெரிக்காவில் 1999-இல் வெளியான 200 பேர் பற்றிய ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் புரோட்டான் என்ற அணுத்துகள் கலந்த கதிர்வீச்சு பெற்றவர்களில் 98 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்திலும் கட்டி அதே இடத்தில் திரும்ப வளரவில்லை. நுண்ணோக்கியில் ஏறக்குறைய இதே போலத் தெரிகிற கார்டோமா என்ற இன்னொரு கட்டி அவ்வளவு சாது இல்லை, அதனால் பயாப்சியை, அதாவது சோதனைக்கு எடுத்த கட்டித் துண்டை, அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடமும் காட்டுங்கள், அதற்குத் தயங்கவே கூடாது.

மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுக்கிறோம். பக்கத்திலேயே மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் துடிக்கிறது. அதோடு ஒட்டிய துண்டை நான் விட்டுவிட்டுத்தான் வந்தேன், அவர் பேச வேண்டும், விழுங்க வேண்டும், நடக்க வேண்டும். விட்டதற்குத்தான் கதிர்வீச்சு. வழக்கமான கீமோ இந்த வகையில் பெரிதாக வேலை செய்வதில்லை. புரோட்டான் குறித்த ஆழத்தில் சக்தியை இறக்கிவிட்டு நின்றுவிடும், பின்னால் இருக்கிற மூளைத்தண்டுக்குப் பாதிப்பு குறைவு. சென்னை தரமணியில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது, ஏறக்குறைய ஏழு வாரம் போய்வர வேண்டும். செலவு அதிகம்தான், அதனால் காப்பீட்டைப் பற்றி முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம், வருஷா வருஷம் எம்ஆர்ஐ. நன்றாக இருக்கிறேன் என்று நிறுத்திவிடாதீர்கள். பழைய எம்ஆர்ஐ படங்கள் இருக்கிற குறுந்தகட்டைத் தூக்கிப்போடாமல் கொண்டுவாருங்கள், அதோடு வைத்துப் பார்த்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியும்.