ரிச்மண்டில் விழுந்த ஒற்றை வாக்கு

வணக்கம் நேயர்களே. 1972 டிசம்பர் 18 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். அமெரிக்க மக்கள் நவம்பரில் போடும் வாக்கு நேராக அதிபருக்குப் போய்ச் சேருவதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது, அந்தத் தேர்வாளர்கள் டிசம்பரில் கூடி அதிபருக்கு வாக்களிக்கிறார்கள். வர்ஜீனியாவில் அதிபர் நிக்சன் வென்றிருந்ததால், பன்னிரண்டு பேருமே அவருடைய குடியரசுக் கட்சியினர். வெறும் சடங்காக முடிய வேண்டிய கூட்டம் அது. பதினோரு பேர் நிக்சனுக்கு வாக்களித்தார்கள். ரோஜர் மெக்பிரைட் என்ற வழக்கறிஞர் மட்டும், பெரும்பாலான அமெரிக்கர்கள் கேள்விப்பட்டேயிராத ஜான் ஹாஸ்பர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரை அதிபராகவும், டோனி நேதன் என்ற பெண்மணியைத் துணை அதிபராகவும் எழுதிக் கொடுத்தார். அமெரிக்க வரலாற்றில் ஒரு பெண்ணுக்கு விழுந்த முதல் தேர்வாளர் வாக்கு அதுதான்.

அந்த இருவரையும் நிறுத்திய லிபர்டேரியன் கட்சிக்கு அப்போது வயது ஒன்று. நிக்சன் 1971 ஆகஸ்டில் விலைகளையும் சம்பளங்களையும் அரசாணையால் உறையவைத்ததில் கொதித்துப்போன சிலர், அந்த ஆண்டு டிசம்பரில் கொலராடோ மாநிலத்தில் கூடி அதைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டே மாநிலங்களின் வாக்குச்சீட்டில்தான் அதன் பெயர் அச்சாகியிருந்தது. நாடு முழுவதும் கிடைத்தவை நான்காயிரத்துக்கும் குறைவான வாக்குகள். அப்படியிருக்க, சொந்தக் கட்சியினரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் ஒரு மனிதர் ஏன் அப்படி வாக்களித்தார் என்று நான் தேடிப் போனபோது, அந்தத் தேடல் என்னைக் கனெக்டிகட் மாநிலத்தில், டான்பரி என்ற ஊரில், ஒரு மூதாட்டியின் காய்கறித் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே போவதற்கு முன் ஒரு விளக்கம். பிறர் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யாதவரை ஒருவர் தம் விருப்பப்படி வாழலாம், அதில் குறுக்கிட அரசுக்கு உரிமையில்லை என்பதுதான் லிபர்டேரியன் கொள்கையின் சாரம். இதை ஒழுங்காகப் பின்பற்றினால் குறைந்த வரியும் தடையற்ற வணிகமும் மட்டும் வருவதில்லை. போருக்கு எதிர்ப்பு, போதைப்பொருள் சட்டங்களுக்கு எதிர்ப்பு, குடியேறுவோருக்குத் திறந்த எல்லை ஆகியவையும் கூடவே வந்து நிற்கும். என் வாதம் என்னவென்றால், அமெரிக்க அரசியல் இந்தக் கொள்கையை ஒருபோதும் முழுதாக எடுத்துக்கொண்டதில்லை. அவரவர் தமக்கு வேண்டிய துண்டைக் கிள்ளிக்கொண்டு போனார்கள் என்பதே.

இப்போது டான்பரிக்கு வருவோம். அந்த மூதாட்டியின் பெயர் ரோஸ் வைல்டர் லேன். அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும், புல்வெளி நாட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதைகளை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் ஒரே மகள் இவர். தாயின் கையெழுத்துப் படிகளைச் செப்பனிட்டுக் கொடுத்தவரும் இவரே. இளமையில் பொதுவுடைமைமீது ஈர்ப்பு கொண்டிருந்து, சோவியத் ஆட்சிக்கு உட்பட்ட ஜார்ஜியாவை நேரில் பார்த்தபின் மனம் மாறியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பங்கீட்டு அட்டை வேண்டாம் என்று மறுத்துவிட்டுத் தம் உணவைத் தாமே விளைவித்துக்கொண்டார். வருமான வரி கட்ட நேரக்கூடாது என்பதற்காகவே, நல்ல பணம் தந்துகொண்டிருந்த கதை எழுத்தை நிறுத்தினார்.

1943-இல் அவர் ஒரு வானொலி விமர்சகருக்கு, அரசின் ஓய்வூதியக் காப்பீட்டுத் திட்டத்தைக் கண்டித்து ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டார். அட்டையில் எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் அல்லவா? சில நாட்களில், அவர் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, மாநிலக் காவலர் ஒருவர் விசாரிக்க வந்து நின்றார். மண் படிந்த கையோடு எழுந்த லேன், என் கருத்தை நான் எழுதியது குற்றமா என்று அவரையே குறுக்குவிசாரணை செய்து அனுப்பிவிட்டு, அந்தச் சம்பவத்தை ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுப் பரப்பினார். அதே 1943-இல் லேனும், அவருடைய நண்பராக இருந்த இசபெல் பேட்டர்சனும், ரஷ்யாவிலிருந்து வந்த அயன் ராண்டும் ஆளுக்கொரு நூல் வெளியிட்டார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு விரிந்துகொண்டே போன அந்தக் காலத்தில் எதிர்க்குரல் எழுப்பியவர்களில் மூவர் பெண்கள் என்பதும், அவர்களில் ராண்டின் தந்தையுடைய மருந்துக்கடையைப் போல்ஷெவிக்குகள் பறிமுதல் செய்திருந்தார்கள் என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை. ராண்டுக்கு இது புத்தகத்தில் படித்த கோபம் அல்ல.

மெக்பிரைட் இந்த லேனின் வளர்ப்புப் பேரனைப் போன்றவர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அவரிடம் வந்து சேர்ந்தவர். 1968-இல் லேன் இறந்தபோது அவருடைய உடைமைகளுக்கு வாரிசானவர். பின்னாளில் அந்தக் குழந்தைக் கதைகள் தொலைக்காட்சித் தொடராக வந்ததற்கும் இவரே காரணம். ரிச்மண்டில் விழுந்த வாக்கு ஒருவகையில் பாட்டி விட்டுப்போன சொத்து. ஆனால் ஒன்றை நான் சொல்லாமல் விட முடியாது. யார் தயவும் இல்லாமல் தன் காலில் நின்றதாக அந்தக் கதைகள் கொண்டாடும் குடும்பம், டகோட்டாவில் உழுத நிலம் அரசு 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குடியேறிகளுக்கு இலவசமாக அளந்து கொடுத்தது. அதற்கு முன்னால் அந்த மண் பழங்குடிகளுடையது. தோட்டத்தின் வேலிக்குக் கீழே அந்த வரலாறும் புதைந்து கிடக்கிறது.

தனித்தனிக் குரல்களாக இருந்தவை ஓர் இயக்கமாகத் திரளப் பணமும் மேடையும் தேவைப்பட்டன. ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் ஹாயக், மையத் திட்டமிடல் எப்படிப் படிப்படியாக அடிமைத்தனத்துக்கு வழிவிடும் என்று 1944-இல் ஒரு நூல் எழுதினார். மூன்று அமெரிக்கப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்த நூலைச் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1945 ஏப்ரலில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் அதன் சுருக்கத்தை அச்சிட்டபோது, ஹாயக் அமெரிக்காவுக்கு வரும் கப்பலில் இருந்தார். சில பல்கலைக்கழகங்களில் அமைதியாகப் பேசிவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணி வந்தவருக்கு, நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட கூட்டம் காத்திருந்தது. கான்சஸ் நகரத்து வணிகர் ஒருவர் ஏற்படுத்திய வோல்கர் அறக்கட்டளை, பின்னர் சிகாகோவில் ஹாயக்கின் சம்பளத்தையே ஏற்றுக்கொண்டது. 1947-இல் சுவிட்சர்லாந்தின் மோன் பெலரின் மலையில் ஹாயக் கூட்டிய மாநாட்டுக்கு அமெரிக்கர்கள் போய்வரவும் செலவழித்தது. அந்த மாநாட்டில், வருமான ஏற்றத்தாழ்வுக்கு வரி ஒரு தீர்வாகுமா என்று விவாதம் நடந்தபோது, ஹாயக்கின் மூத்த வழிகாட்டியான மீசஸ், நீங்கள் அனைவருமே சோஷலிஸ்டுகள் என்று கத்திவிட்டு வெளியேறியதாக அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். கூடாரத்துக்குள் சண்டை முதல் நாளிலிருந்தே உண்டு.

என் மேசையில் கிடக்கும் இந்தப் பென்சிலைச் சற்றுப் பாருங்கள். மரத்தண்டு, நடுவில் கருங்குச்சி, நுனியில் ஒரு பித்தளைப் பூண், அதில் பொருத்திய அழிப்பான், மேலே மஞ்சள் வண்ணம். லெனார்ட் ரீட் என்பவர் 1958-இல், ஒரு பென்சில் தன் கதையைத் தானே சொல்வதுபோல ஒரு கட்டுரை எழுதினார். என்னை முழுதாகச் செய்யத் தெரிந்த மனிதர் இந்த உலகில் ஒருவர்கூட இல்லை என்று அந்தப் பென்சில் தொடங்கும். மரம் ஓரிடம், வண்ணம் ஓரிடம், காரீயம் இலங்கைச் சுரங்கத்திலிருந்து என்று அடுக்கிக்கொண்டே போய், யாரும் உத்தரவிடாமலே இத்தனை பேருடைய உழைப்பையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கைதான் சேர்க்கிறது என்று சொல்லும். ஒரு கொள்கையை இவ்வளவு எளிமையாக விளக்கிய எழுத்தை நான் அதிகம் கண்டதில்லை. அந்த இலங்கைச் சுரங்கத்தில் இறங்கியவர் என்ன கூலி வாங்கினார் என்ற கேள்வி மட்டும் பென்சிலுக்குத் தோன்றவில்லை.

இந்தக் கருத்துகளைத் தேர்தல் களத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் பேரி கோல்ட்வாட்டர். 1964-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான இவர், இனப்பாகுபாட்டைத் தடைசெய்து அதே ஆண்டு வந்த குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராகச் செனட்டில் வாக்களித்திருந்தார். உணவகமோ விடுதியோ தனியார் சொத்து, யாரை உள்ளே விடுவது என்பதை அதன் உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும், மைய அரசு அல்ல என்பது அவருடைய வாதம். அவர் தனிப்பட்ட முறையில் நிறவெறியர் அல்லர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் வென்றது ஆறே மாநிலங்களில். சொந்த மாநிலமான அரிசோனா போக மற்ற ஐந்தும் கறுப்பின மக்களுக்கு வாக்குச்சாவடியின் கதவைச் சாத்திவைத்திருந்த தென்பகுதி மாநிலங்கள். மிசிசிப்பியில் நூற்றுக்கு 87 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அவர்கள் எல்லோரும் ஹாயக்கைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர். இத்தனைக்கும் ரோஸ் வைல்டர் லேன், போர்க் காலத்தில் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் வார இதழில் பத்தி எழுதி, இனப்பாகுபாடும் தனிமனித சுதந்திரத்துக்குப் பகைதான் என்று வாதாடியவர். ஒரே வேரிலிருந்து வந்த கிளை இருபது ஆண்டுகளில் எந்தப் பக்கம் வளைந்தது என்று பாருங்கள்.

கோல்ட்வாட்டருக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர் ஃபிரீட்மன். இவரிடம் எனக்குப் பிடித்தது, தமக்கு வசதியான துண்டோடு நில்லாமை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது கட்டாய ராணுவச் சேவையை ஒழிக்க வேண்டும் என்று போராடினார். அதை ஆராய நிக்சன் 1969-இல் அமைத்த ஆணையத்தில் உறுப்பினராக அமர்ந்தார். சாட்சி சொல்ல வந்த தளபதி வெஸ்ட்மோர்லண்ட், கூலிப்படை ஒன்றுக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றாராம். அப்படியானால் அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவது மேலா என்று ஃபிரீட்மன் திருப்பிக் கேட்டார். சம்பளம் வாங்குபவர் கூலிக்காரர் என்றால் நான் கூலிப் பேராசிரியர், நீங்கள் கூலித் தளபதி என்றும் சேர்த்துக்கொண்டார். கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றது. இந்தக் கொள்கை அமெரிக்கர்களின் வாழ்வில் உண்டாக்கிய மாற்றங்களில் இதற்கு இணையானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் வரிக்குறைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே ஃபிரீட்மன் போர்க் காலத்தில் அரசின் நிதித்துறையில் வேலை பார்த்தவர். நம் ஊரில் டி.டி.எஸ். என்கிறோமே, சம்பளம் கைக்கு வருமுன்பே அதிலிருந்து வரியைப் பிடித்துக்கொள்ளும் அந்த முறையை அமெரிக்காவில் வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். அது சட்டமான ஆண்டும் 1943. லேன் வரிக்குத் தப்பத் தோட்டம் கொத்திக்கொண்டிருந்தபோது, வாஷிங்டனில் ஃபிரீட்மன் அந்த வரியை யாரும் தப்பவே முடியாதபடி ஆக்கிக்கொண்டிருந்தார். போருக்கு அது தேவைப்பட்டது என்று அவர் கடைசிவரை சமாதானம் சொன்னார். அவருடைய மனைவி ரோஸ் அதை மன்னிக்கவே இல்லையாம்.

1977-இல் கேட்டோ என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் பிறந்தது. எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் சேர்த்த சார்லஸ் கோக் நிதி கொடுத்தார். எட் கிரேன் நிர்வகித்தார். அரசே வேண்டாம் என்னும் அளவுக்குப் போன பொருளாதார அறிஞர் மரே ராத்பார்ட் சிந்தனை கொடுத்தார். 1980 தேர்தலில் சார்லஸின் தம்பி டேவிட் கோக் லிபர்டேரியன் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஆனார்; சுமார் 9.2 லட்சம் வாக்குகள், அதாவது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய பங்கு கிடைத்தது. கோக் சகோதரர்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். கட்சி நடத்துவதைவிட ஆய்வு நிறுவனங்களுக்கும் பிரசார அமைப்புகளுக்கும் பணத்தை இறைத்து, குடியரசுக் கட்சியை உள்ளிருந்து நகர்த்துவதே மேல் என்பதுதான் அது. அதே தேர்தலில் வென்ற ரீகன், அரசுதான் நம் சிக்கலே என்று பதவியேற்பு உரையில் முழங்கினார். எட்டு ஆண்டுகளில் நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. வரிக்குறைப்பு என்ற துண்டு கிள்ளப்பட்டது, செலவுக்குறைப்பு என்ற துண்டு தட்டிலேயே கிடந்தது.

ராத்பார்ட்டோ கேட்டோவை விட்டுச் சண்டையிட்டுப் பிரிந்தார். படித்தவர்களை வென்றெடுத்துப் பயனில்லை, வெகுஜனக் கோபத்தைத் திரட்ட வேண்டும் என்று 1992-இல் எழுதிய அவர், குடியேற்றத்தையும் தடையற்ற வணிகத்தையும் எதிர்த்த பேட் புக்கானனை ஆதரித்தார். அதற்குப் பிறகு குடியரசுக் கட்சியில் எழுந்த அலைகளைப் புரிந்துகொள்ள, அதன் நாடாளுமன்றத் தலைவர்கள் பேசிய பேச்சுகளைவிட அந்த ஒரு கட்டுரை எனக்கு அதிகம் உதவியது.

2024 மே மாதம் வாஷிங்டனில் லிபர்டேரியன் கட்சி மாநாடு கூடியபோது, டொனால்ட் டிரம்ப் அந்த மேடையில் ஏறினார். அரங்கில் கூச்சலும் கேலியும் எழுந்தன. இணையத்தில் போதைப்பொருள் விற்கப்பட்ட சந்தையை நடத்தியதற்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த ராஸ் உல்பிரிக்ட்டை விடுவிப்பேன் என்று அவர் வாக்குறுதி கொடுத்தபோதுதான் அந்தக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் கட்சியின் சொந்த வேட்பாளர் நவம்பரில் பெற்ற வாக்குகள் 6.5 லட்சம்; 44 ஆண்டுகளுக்கு முன் பெற்றதைவிடக் குறைவு. பதவியேற்ற மறுநாளே டிரம்ப் உல்பிரிக்ட்டுக்கு மன்னிப்பு வழங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில், ஏறத்தாழ எல்லா நாடுகளின் பொருள்கள்மீதும் இறக்குமதி வரி விதித்தார். அதே மாதம் 14-ஆம் தேதி, வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று வாதிட்டு, நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் சார்பிலும் இன்னும் நான்கு சிறு தொழில்களின் சார்பிலும் நீதிமன்றத்தின் படியேறியவர்கள், லிபர்டேரியன் கொள்கை கொண்ட வழக்கறிஞர்கள்தான்.