நெகிழும் நிப்பே என் கைக்கு

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ‘அன்றாட எழுத்துக்கு ஏற்றது நெகிழும் நிப்பா, விறைப்பான நிப்பா?’ என்பது இன்றைய தலைப்பு. அழுத்தினால் நுனியின் இரு பிளவும் விரிந்து தடித்த கோடு தரும், கையைத் தளர்த்தினால் மெலிந்த கோடு தரும் அந்த நெகிழும் நிப்புக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று குறைகளைச் சொன்னார். இந்த நிப்பு வேகத்துக்கு ஆகாது. மை சீராக வராது. இது வாழ்த்து அட்டை எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உரியது. வேகத்தைப் பற்றி அவர் சொன்னதைத்தான் என்னால் சிறிதும் ஏற்க முடியவில்லை.

1927இல் வாட்டர்மேன் நிறுவனம் தன் ஏழாம் எண் பேனாவைக் கொண்டுவந்தபோது, நிப்பின் குணத்தை நிறத்தால் அடையாளம் காட்டியது. பச்சை என்றால் விறைப்பு. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதும் விற்பனையாளர்களுக்கு. இளஞ்சிவப்பு என்றால் நுனி மெலிந்து நெகிழ்வது. அதை யார் விரும்புகிறார்கள் என்று விளம்பரம் செய்தார்கள் தெரியுமா? சுருக்கெழுத்தாளர்கள்!

காரணம் இருக்கிறது, நடுவர் அவர்களே. பிட்மன் சுருக்கெழுத்து படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ‘பேனா’ என்பதில் வரும் ப ஒலிக்கு மெல்லிய கோடு. ‘பஸ்’ என்பதில் வரும் ப ஒலிக்கு அதே கோடு, அதே சாய்வு, ஆனால் தடிப்பு. பேசுகிறவர் மூச்சு விடுவதற்குள் இந்த வேறுபாடு தாளில் விழுந்தாக வேண்டும். உலகிலேயே அவசரமாக எழுத வேண்டியிருந்தவர்கள் கையில் நெகிழும் நிப்பு இருந்தது. இதையா வேகத்துக்கு ஆகாது என்கிறார் சகோதரி?

மை சீராக வராது என்றார். அதில் பாதி உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். பிளவு அகல அகல, மை அதிகம் வேண்டும். கொடுக்க வேண்டியது அடியில் இருக்கும் நாக்கட்டை. அதனால் முடியாதபோது கோட்டின் நடு வெளுத்து, இரண்டு ஓரங்கள் மட்டும் தண்டவாளம் போல் நிற்கும். நான் முதலில் வாங்கிய பேனா இப்படித்தான் இருந்தது. கடைக்காரர் “இன்னும் அழுத்துங்கள், பழகிவிடும்” என்றார். அழுத்தினேன். ஒரே வாரத்தில் பிளவுகள் விரிந்தபடியே நின்றுவிட்டன, மீண்டும் சேரவில்லை. அந்த நிப்பை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஆனால் அது தேர்வில் நேர்ந்த பிழை. அன்றாடம் எழுத நினைப்பவர் கடையில் நிப்பின் அகலத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. எவ்வளவு விரிகிறது என்பதைவிட, எவ்வளவு விரைவாகத் தன் நிலைக்குத் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அழுத்தாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி தடையின்றி வந்தால்தான் அது தினமும் உழைக்கும் பேனா. பிறகு நாக்கட்டை எபோனைட்டா என்று கேளுங்கள். கந்தகம் சேர்த்து இறுக வைத்த அந்த ரப்பரில் மை நன்றாகப் பற்றும். வெந்நீரில் இளக்கி நிப்போடு ஒட்டப் பொருத்தவும் முடியும். நம் திருவள்ளூரிலேயே ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டில் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள்.

14 காரட் தங்க நிப்பு மென்மையானதுதான்; ஜப்பானின் பைலட் ஃபால்கனில் எழுதினால் அந்தச் சுகம் தெரியும். விலை பத்தாயிரத்தைத் தாண்டும். கான்பூரில் செய்யும் எஃகு நெகிழ் நிப்பு பொருத்திய பேனா அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கிறது. சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டும், அவ்வளவே. மலிவான தாளில் மை பரவுவது உண்மை. நல்ல நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று பிரதி ரசீதுக்கு இது உதவுமா? உதவாது. அந்த இடத்தைப் பந்துமுனைப் பேனாவுக்கே விட்டுத் தருகிறேன். ஆனால் நான் ஆசிரியர். வகுப்புக் குறிப்பு, நாட்குறிப்பு, கடிதம் என்று தினமும் நான்கைந்து பக்கம் எழுதுகிறேன். பந்துமுனையை அழுத்தி அழுத்தி முன்கை வலித்த ஆண்டுகள் உண்டு. நெகிழும் நிப்பில் கையின் பாரமே போதும். மேலேறும் கோட்டில் அழுத்தினால் நுனி தாளைக் குத்தும். அதனால் கை தானாகவே தளரக் கற்றுக்கொள்கிறது.

தமிழ் எழுதும்போது கிடைக்கும் இன்பத்தைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். ‘ட’ எழுதுங்கள்: இறங்கும் கோடு தடிக்கிறது, வலப்பக்கம் ஓடும் கோடு மெலிகிறது. ‘ப’வில் ஒரு கால் கனத்து, மறு கால் இழையாக மேலே ஏறுகிறது. ‘ழ’வின் வால் வளைந்து தேய்கிறது. ஓலையில் கீறிய எழுத்தாணிக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. ஒரே கோட்டுக்குள் வல்லினமும் மெல்லினமும் வருகின்றன! வாழ்த்து அட்டைக்கு மட்டும் இதை ஒதுக்கிவிட்டு, என் அன்றாடப் பக்கங்களை நான் ஏன் ஒரே தடிப்பில் எழுத வேண்டும்?

மணி அடித்துவிட்டது. என் பேனாவை மேசையில் வைக்கிறேன், நடுவர் அவர்களே, மை நிரம்பியிருக்கிறது. எதிரணிச் சகோதரி முதலில் ஒரு வரி எழுதட்டும், அதன்பின் தாங்கள் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.