பிச்சை என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். ‘பெயருக்குச் சிறப்பு பொருளாலா, வைத்தவர் பாசத்தாலா?’ பாசத்தால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். கானாவின் அகான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோஃபி. 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்து, பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளரான கோஃபி அன்னானுக்கு அப்படித்தான் பெயர் வந்தது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகிறபோக்கில் ஒன்று சொன்னாரே: “பிச்சை, குப்பை என்று பெயர் வைத்தவர்களுக்குப் பிள்ளை அருமையே தெரியாது.” நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார முடியாது.

தம்பி, என் பெரியப்பா பெயர் பிச்சை. அவருக்கு முன்னால் எங்கள் அப்பத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் தங்கவில்லை. நான்காவதாக இவர் பிறந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? முறத்தில் பழந்துணி விரித்தார்கள். அதுவும் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிய துணி. வீட்டில் துணி இல்லாமலா? பெட்டியில் புதுத்துணி இருந்தது! பிள்ளையை முறத்தோடு தூக்கிக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மா, “நான் கண்டெடுத்த பிள்ளை” என்று எடுத்துக்கொண்டார். பெற்றவள் போய் நின்று, ஒரு படி தவிட்டைக் கொடுத்து, தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கினாள். பச்சை உடம்புக்காரி, நடுவர் அவர்களே! எமன் வந்து பார்த்தால், “சீ, யாரோ போட்ட பிச்சை” என்று திரும்பிப் போய்விட வேண்டும். அதற்காக வைத்த பெயர் அது.

நம் ஊரில் மட்டுமா? சீனக் கிராமங்களில் பிள்ளையை கோஷெங், அதாவது நாய் மிச்சம் வைத்தது என்று கூப்பிட்டதும் இதற்குத்தான். நைஜீரியாவின் யோருபா மக்கள் கொசோகோ என்று வைப்பார்கள். மண்வெட்டி இல்லை என்று பொருள். குழி வெட்ட எங்களிடம் ஒன்றும் இல்லையப்பா, போய்விடாதே என்று பிள்ளையிடம் கெஞ்சுகிற பெயர். அந்தப் பெயரோடு ஒருவர் 1845 முதல் 1851 வரை லாகோஸை அரசராக ஆண்டார்.

பெரியப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார், “வேறு நல்ல பெயராக எழுதட்டுமா ஆத்தா?” என்று கேட்டிருக்கிறார். அப்பத்தா அழுதுவிட்டாராம். “இந்தப் பேராலதான் இவன் என் மடியில இருக்கான். மாத்தி எழுதினா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுய்யா.”

வாத்தியார் பிச்சை என்றே எழுதினார். பெரியப்பா எண்பது வயது தாண்டி வாழ்ந்தார். அவர் பேரனுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.