முகம் பார்த்துப் பேசுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் மழைநீர் வடிகால் வேலைகளை நடத்திவரும் சிவில் இன்ஜினியர் நான். ஆட்களை வைத்து வேலை வாங்குவதில் கற்றுக்கொண்டதைச் சொல்லும்படி கேட்டார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு மேஸ்திரி.

வடசென்னையில் கடலோரத் தெருக்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். பகலில் கன்டெய்னர் லாரிகள் வழி விடாது. அதனால் ராத்திரியில்தான் கான்கிரீட் போடுவோம். மிக்சர் லாரி வந்துவிட்டால் யோசிக்க நேரமில்லை. கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். அக்டோபர் நெருங்க நெருங்க மழை பயம் வேறு. அப்படி ஒரு ராத்திரி, வடிகால் சுவருக்குக் கான்கிரீட் இறங்கும்போதே, அது இறுகும்வரை தாங்கிப் பிடிக்கிற சென்ட்ரிங் பலகை பிதுங்கிவிட்டது. இறுகிய சுவரை உளி வைத்து உடைத்தோம். பலகைக்குக் கொடுத்திருந்த ஒரு முட்டு தளர்ந்திருந்தது மேஸ்திரிக்கு முன்பே தெரியுமாம்.

டீக்கடையில் வைத்து, "ஏன்ணா சொல்லல?" என்று கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "போன வாரம் பள்ளத்துல தண்ணி ஏறுதுன்னு சொன்ன பையன, நாலு பேர் எதிர்ல என்னா கத்து கத்தினீங்க சார். அப்புறம் எவன் வந்து சொல்லுவான்?"

அப்படிக் கத்தியது எனக்கு நினைவிலேயே இல்லை. அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல், மனிதனை நான்கு கட்டமுள்ள ஜன்னலாக வரைந்து காட்டினார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ஜோஹாரி ஜன்னல் என்பார்கள். அதில் ஒரு கட்டம், மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாதது. கண்ணாடியில் அது தெரியாது. கூட இருப்பவர் சொன்னால்தான் உண்டு. நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர் அவ்வளவு லேசில் சொல்லிவிடுவாரா?

நான் எப்போதெல்லாம் கத்துகிறேன் என்று மேஸ்திரியிடமே கேட்டேன். ரொம்பத் தயங்கினார். "ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா சார்" என்றார். கவனித்துப் பார்த்தேன், அப்படியேதான். போனை வைத்ததும் தாடை இறுகுகிறது, அடுத்துப் பேசுகிற ஆள் மாட்டிக்கொள்கிறார். இப்போதெல்லாம் போன் பேசி முடித்ததும் பள்ளத்துப் பக்கம் போவதில்லை. தெருமுனை வரை ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.

தினமும் வேலை தொடங்கும்போது, "இன்னைக்கு எது சரியில்ல?" என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கே சலித்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் லாரி வந்து நிற்கிற நேரத்தில், கம்பி கட்டுகிற பையன் வந்து, "சார், கவர் பிளாக் பத்தல" என்றான். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடுவதற்கு வைக்கிற சின்னக் கட்டை அது. அது இல்லாமல் கம்பி வெளிப்பக்கம் ஒட்டிவிட்டால், இந்த உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "நல்லதாப் போச்சு, நிறுத்துங்க, எடுத்துட்டு வந்து வைப்போம்" என்றேன். அரை மணி நேரம் போனது. அந்தப் பையன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பவும் பள்ளத்தில் இறங்கினான்.