பேரிடருக்கு முன்பே பெயர் கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

டாக்டர்கள், நர்சுகள், மருந்தாளுநர்கள், லேப் டெக்னீஷியன்கள், மனநல ஆலோசகர்கள் எனப் பலரும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த பேரிடர் வருவதற்கு முன்பே தன்னார்வலராக உங்கள் பெயரைப் பதிவு செய்து வையுங்கள்.

"அதெல்லாம் எதற்கு, ஏதாவது நடந்தால் நானே ஓடி வந்துவிடுவேனே" என்று சிலர் நினைப்பீர்கள். உங்கள் மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓடி வந்தபின் வாசலில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

நிலநடுக்கம் நடந்து ஆறு மணி நேரம் ஆகிறது. மருத்துவமனை வராண்டா வரைக்கும் ஸ்ட்ரெச்சர்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது, நெட் இல்லை. ஒருவர் மூச்சிரைக்க வந்து, "நான் மயக்க மருந்து நிபுணர், உள்ளே விடுங்கள்" என்கிறார். உள்ளே மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாமல் அறுவை சிகிச்சை நின்றுபோயிருக்கிறது. வாசலில் நிற்கும் அதிகாரி என்ன செய்வார்? அவர் சொல்வது பொய்யாக இருந்து உள்ளே விட்டால் ஓர் உயிர் போகலாம். உண்மையாக இருந்து விடாமல் போனாலும் ஓர் உயிர் போகலாம். மருத்துவக் கவுன்சிலுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை, அவர்களும் அதே நிலநடுக்கத்தில்தானே மாட்டியிருக்கிறார்கள்! அந்த அதிகாரி தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்காத நம் எல்லோர் மீதும்தான் குறை.

இது கற்பனையாகச் சொல்லும் பிரச்சினை அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் உதவ வந்த மருத்துவப் பணியாளர்கள் ஏராளம். யார் யாருக்கு என்ன தகுதி என்று அங்கேயே சரிபார்க்க வழியில்லாததால், பலரைப் பயன்படுத்தவே முடியவில்லை. மறு ஆண்டே, இப்படிப்பட்டவர்களை முன்கூட்டிப் பதிவு செய்யும் ஏற்பாட்டுக்கு அமெரிக்கா சட்டம் போட்டது. அப்படியும் 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது வேறு சிக்கல். ஒரு மாநிலத்தில் வாங்கிய உரிமம் இன்னொரு மாநிலத்தில் செல்லுமா, ஏதாவது தவறு நடந்தால் வழக்கு யார் மேல் வரும் என்ற கேள்விகளில் நேரம் போனது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் வெளிநாட்டுக் குழுக்கள் பல, போதிய அனுபவமோ ஒருங்கிணைப்போ இல்லாமல் வந்து இறங்கின. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் அவசர மருத்துவக் குழுக்களுக்குத் தர அளவுகோல் கொண்டுவந்தது. இரண்டாம் வகைக் குழு, அதாவது நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்யும் குழு என்றால் குறைந்தது 20 படுக்கை, ஒரு நாளில் 7 பெரிய அறுவை சிகிச்சை செய்யும் திறன் என்று கணக்காகச் சொல்லிவிட்டார்கள்.

சரி, பதிவில் என்ன கேட்பார்கள்? பெயர், உரிம எண், அது காலாவதியாகும் தேதி, சிறப்புத் துறை. அப்புறம், பலர் விட்டுவிடுகிற ஒரு விவரம்: இப்போது எங்கே, என்ன வேலை பார்க்கிறீர்கள்? பத்து வருடமாக நிர்வாகத்தில் இருக்கும் அறுவை சிகிச்சை நிபுணரையும், நேற்றுவரை கத்தி பிடித்தவரையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது. அமெரிக்காவின் பதிவு முறையில் இதற்காகவே நான்கு நிலைகள் உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் கடைசி நிலையில் இடம் இருக்கிறது, ஆகவே "நமக்கு வயதாகிவிட்டது" என்று ஒதுங்க வேண்டாம்.

பதிவில் தடுப்பூசி விவரமும் காப்பீடும் கேட்பது உங்கள் பாதுகாப்புக்காக. 1995இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் உதவ ஓடிய ஒரு செவிலியர், தலையில் அடிபட்டுச் சில நாளில் இறந்தார். தலைக்கவசமும் பயிற்சியும் இல்லாமல் இடிபாட்டுக்குள் யாரையும் அனுப்பாமல் இருக்க, யார் வருகிறார்கள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மருத்துவமனையிலும் சொல்லிவிட்டுப் பெயர் கொடுங்கள். பேரிடர் நாளில் உங்கள் வார்டுக்கே நீங்கள் தேவைப்படலாம். ஒரே நர்ஸ் இரண்டு மூன்று பட்டியல்களில் இருந்தால், காகிதத்தில் மூவர், களத்தில் ஒருவர்!

பட்டியல் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெயர்களை வாங்கிப் பூட்டி வைத்தால் போதாது. போன் எண் மாறும், உரிமம் முடியும், ஆள் ஊர் மாறுவார். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லோரையும் கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேர் எடுக்கிறார்கள், எத்தனை பேர் ஒரு நாளுக்குள் கிளம்ப முடியும் என்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். நெட் இல்லாத நாளுக்காக அச்செடுத்த பிரதி ஒன்றும் வாசலில் நிற்பவரிடம் இருக்கட்டும்.