கடைசியில் பேசுபவரின் இடம்

சேலம், ஏற்காடு வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விழாவுக்கு ஏற்காடு வந்து தங்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் பனி இறங்கிவிட்டால் வெளியே போக மனம் வராது. சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். ரம்மி, கழுதை, இருபத்தெட்டு என்று போகும். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் ஹோல்டெம் போக்கரும் ஆடுகிறார்கள். அதில் லிமிட் என்ற வகையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது புளியங்கொட்டை வைத்து ஆடும் ஆட்டம். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. அந்த ஆட்டத்தால் கடன்பட்டு அழிந்த குடும்பங்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. இந்தக் கணக்கின் அழகை ரசிக்கக் காசு தேவையே இல்லை.

ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி வரும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டு: முதலில் மூன்று, அது ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். லிமிட்டில் பந்தயத்துக்கு அளவு உண்டு. முதல் இரண்டு சுற்றில், அதாவது ஃப்ளாப்புக்கு முன்பும் ஃப்ளாப்பிலும், 2 கொட்டை என்றால் பின்னிரண்டு சுற்றில் 4. ஒரு சுற்றில் ஒரு பந்தயம், அதன்மேல் பெரும்பாலும் மூன்று ரெய்ஸ், அதாவது மூன்று முறை உயர்த்தலாம், அவ்வளவுதான். குவியலை மொத்தமாகத் தள்ளி யாரையும் மிரட்ட முடியாது.

மிரட்ட முடியாத ஆட்டத்தில் எதை வைத்து ஜெயிப்பது? உட்காரும் இடத்தை வைத்து.

இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு வலப்பக்கமாகச் சுற்றித்தான் பழக்கம். இங்கே ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றும். சீட்டு போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லைக்கு டீலர் பட்டன் என்று பெயர். அது யார் முன்னால் இருக்கிறதோ, ஃப்ளாப்பிலிருந்து மூன்று சுற்றிலும் அவர்தான் கடைசியாகப் பேசுவார். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனிக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு, பின்னால் வருகிறவருக்கு எவ்வளவு சொல்லிவிடுகிறது! யார் கட்டினார்கள், யார் எதுவும் கட்டாமல் செக் சொன்னார்கள் என்று எல்லாம் தெரிந்த பிறகு பேசுபவர்தான் பட்டன்காரர்.

அதனால் ஒரே சீட்டுக்கு இடத்துக்கு இடம் விலை மாறுகிறது. ஆறு பேர் ஆட்டம், கையில் வேறு வேறு இனத்தில் ராஜாவும் பத்தும். முதலில் பேசும் இடம் என்றால் உங்களுக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். தயங்காமல் பேக் செய்யுங்கள், அதாவது சீட்டை வைத்துவிட்டு விலகுங்கள். அதே சீட்டு பட்டனில் கிடைத்து, முன்னால் உள்ளவர்கள் எல்லாரும் விலகிவிட்டால் ரெய்ஸ் செய்யலாம். மிச்சம் இரண்டு பிளைண்டுகாரர்கள்தான், அதாவது சீட்டு வரும் முன்பே கட்டாயமாகக் கொட்டை போட்டவர்கள்: ஸ்மால் பிளைண்டு 1, பிக் பிளைண்டு 2.

இனி எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். நீங்கள் பட்டனில் இருக்கிறீர்கள். கையில் ஆட்டின் (ஹார்ட்) ஏஸும் ஆட்டின் பத்தும். மூன்று பேர் ஆளுக்கு 4 கொட்டை போட்டாயிற்று, விலகிய ஸ்மால் பிளைண்டின் 1 சேர்த்து நடுவில் 13. ஃப்ளாப்பில் கிளாவர் ராஜா, ஆட்டின் ஏழு, ஆட்டின் மூன்று. இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. காணாத 47 சீட்டில் ஆட்டின் 9. அடுத்த சீட்டிலேயே வர 19 சதவீதம், இரண்டு சீட்டுக்குள் வர 35 சதவீதம். முதல் ஆள் செக். நடுவில் இருப்பவர் 2 கட்டுகிறார். நீங்கள் 4 ஆக்குங்கள். முதல் ஆள் போய்விடுகிறார். நடு ஆள் இன்னும் 2 போட்டு ஈடுகட்டுகிறார்.

டர்னில் ஒன்றுக்கும் உதவாத ஸ்பேடு இரண்டு. ரெய்ஸ் வாங்கியவர் பெரும்பாலும் உங்களுக்குப் பயந்து செக் சொல்வார். நீங்களும் செக் சொல்லி ரிவர் சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். ஃப்ளாப்பில் சும்மா ஈடுகட்டியிருந்தால் அவர் டர்னில் 4 கட்டியிருப்பார், நீங்களும் 4 கொடுத்திருப்பீர்கள். 2 கூடப் போட்டு 4 மிச்சம். டர்னில் ஆட்டினே விழுந்திருந்தால் இன்னும் நல்லது, அவருடைய 2 ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று.

இதையே முதலில் பேசும் இடத்தில் இருந்து செய்து பாருங்கள். டர்னில் நீங்கள் செக் சொன்னால் அவர் 4 கட்டுவார், இலவசம் போயிற்று. பட்டனிலும் இது எப்போதும் பலிக்காது. மூன்று ராஜா சேர்ந்துவிட்டவர் ஃப்ளாப்பிலேயே திருப்பி ரெய்ஸ் செய்வார். விவரமானவர் டர்னில் தானே கட்டிவிடுவார். எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்காமல் கணக்கை மட்டும் நம்பக்கூடாது.

பொய்க்கட்டு கட்டி ஆளை விரட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரிவரில் உங்கள் 4-ஐயும் சேர்த்து நடுவில் 25 கிடக்கிறது. எதிராளி 4 போட்டால் போதும். ஏழு தடவையில் ஒரு தடவை அவர் சீட்டு ஜெயித்தாலே அவருக்கு நட்டமில்லை. ஏன் ஓடப்போகிறார்? லிமிட்டில் லாபம் அரைப் பந்தயம், கால் பந்தயம் என்று மிச்சம் பிடித்துச் சேர்ப்பதுதான்.

இடத்தின் மதிப்பை எண்ணாகவே சொல்லிவிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கணினியால் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்து, 2015-ல் வெளியிட்டார்கள். அந்த நிரலுக்குச் செஃபியஸ் என்று பெயர். 4,800 கணினிச் செயலிகள் 68 நாள் ஓடின. இருவருமே பிழையில்லாமல் ஆடினாலும் டீலர் இடத்தில் இருப்பவருக்கு நூறு ஆட்டத்துக்குச் சுமார் 9 பிக் பிளைண்டு கூடக் கிடைக்கும் என்று தெரிந்தது. நம் கணக்கில் 18 புளியங்கொட்டை. பட்டன் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் ஆட்டம் நியாயமாக நிற்கிறது.

வீட்டில் ஆடும்போது ஒரு தாளில் பட்டனில் கிடைத்த கொட்டையைத் தனியாக, முதலில் பேசிய இடத்தில் போன கொட்டையைத் தனியாக எழுதி வாருங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.